பாதத்தில் புள்ளி வலித்தால் படத்தை மூடிவிட்டுப் பாதத்தைப் பாருங்கள்

உள்ளங்காலின் நடுவில் ஓர் இடத்தை அழுத்தினால் சுருக்கென்று வலிக்கிறது. பாதத்தின் ஒவ்வொரு புள்ளியும் உடம்பின் ஓர் உறுப்போடு தொடர்புடையது என்று சொல்லும் முறைக்கு ரிஃப்ளெக்ஸாலஜி என்று பெயர். அதன் படத்தை எடுத்துப் பார்த்தால் அந்த இடத்தில் ‘சிறுநீரகம்’ என்று போட்டிருக்கிறது. அவ்வளவுதான், அன்றைக்குத் தூக்கம் போய்விடுகிறது. பாத அழுத்தம் கொடுப்பது என் தொழில். என்னிடம் வருகிறவர்களில் நிறையப் பேர் வலியைவிட இந்தப் பயத்தைத்தான் சுமந்துகொண்டு வருகிறார்கள்.

அவர்கள் எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். ஒரு புள்ளி வலித்தால், அந்த இடத்துக்கு நேர் கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒரு பாதத்தில் 26 எலும்புகள், 33 மூட்டுகள், அவற்றை இழுத்துக் கட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட நார்கள் இருக்கின்றன. நாள் முழுக்க உடம்பின் எடையைத் தாங்குவதும் அதுதான். வலிப்பதற்கு அதற்கே ஆயிரம் காரணம் உண்டு. கல்லீரலையும் நுரையீரலையும் சந்தேகப்படுவதற்கு முன்னால் செருப்பைச் சந்தேகப்பட வேண்டும்.

அந்தப் படம் எப்படி வந்தது?

இது தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். வில்லியம் பிட்ஸ்ஜெரால்ட் என்ற அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர், உடம்பைத் தலையிலிருந்து கால்வரை நெடுக்காக 10 பட்டைகளாகப் பிரித்து, 1917-ல் அதைப் புத்தகமாகவும் வெளியிட்டார். 1930-களில் யூனிஸ் இங்காம் என்ற இயன்முறை சிகிச்சையாளர் அந்த யோசனையைப் பாதத்துக்குக் கொண்டுவந்து, எந்த உறுப்புக்கு எந்த இடம் என்று வரைந்தார். இன்று சுவர்களில் தொங்கும் படங்கள் பெரும்பாலும் அதன் வழிவந்தவை. உடலை அறுத்துப் பார்த்து நரம்பைத் தொடர்ந்துபோய் வரைந்த படம் இல்லை அது. அதனால்தான் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சில உறுப்புகள் இடம் மாறி இருக்கும்.

ஓர் உறுப்பின் வலி வேறோர் இடத்தில் தெரிவது உண்மைதான். மாரடைப்பின் வலி இடது கைக்கும் தாடைக்கும் போகும். ஏனென்றால் அந்த இடங்களின் நரம்புகள் போய்ச் சேரும் பாதைகள் ஒன்றோடொன்று கலக்கின்றன. சிறுநீரகக் கல்லின் வலி விலாவுக்குக் கீழே தொடங்கி அடிவயிறு, தொடை இடுக்கு என்று இறங்கும். உள்ளங்காலுக்கு வராது. உள்ளங்காலின் நரம்புகள் முதுகெலும்பின் கடைசிப் பகுதியிலிருந்து வருகின்றன, சிறுநீரகத்தின் நரம்புகள் அதற்கு மேலே சேருகின்றன. எட்சார்ட் எர்ன்ஸ்ட் என்ற ஆராய்ச்சியாளர் ரிஃப்ளெக்ஸாலஜி பற்றிய சோதனைகளைத் திரட்டி 2009-லும், சக ஆய்வாளர்களோடு 2011-லும் அலசினார். இது எந்த நோயையும் குணப்படுத்துகிறது என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை என்பதே அவர் கண்ட முடிவு.

என் தொழிலைக் குறைத்துப் பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. நல்ல கையால் பாதம் பிடித்துவிட்டால் உடம்பு தளர்கிறது, மனசு அடங்குகிறது, அன்றிரவு நன்றாகத் தூக்கம் வருகிறது. அதை நான் தினமும் பார்க்கிறேன். அதற்காகவே இந்த வேலையை நேசிக்கிறேன். ஆனால் கட்டைவிரலை வைத்து நோய் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொரு விஷயமும் அடிக்கடி காதில் விழும்: ‘விரலுக்கு நறநறவென்று தட்டுப்படுகிறதே, அது யூரிக் அமிலப் படிகம், அழுத்தி உடைக்க வேண்டும்’ என்பார்கள். உள்ளங்காலின் கொழுப்பு சின்னச் சின்ன அறைகளாக நார்ச்சுவர்களுக்குள் அடைபட்டிருக்கிறது. அதற்கடியில் தசையை எலும்போடு இணைக்கும் நாண்கள் ஓடுகின்றன. விரல் அவற்றின்மேல் உருளும்போது அப்படித்தான் தட்டுப்படும். ஆரோக்கியமான பாதத்திலும் அது உண்டு. உடைக்க வேண்டிய எதுவும் அங்கே இல்லை.

அழுத்துகிற முறை சரியா?

வலிக்கான காரணங்களில் நான் முதலிடம் கொடுப்பது அழுத்துகிறவரின் கைக்கு. மரக்குச்சியின் முனையாலோ விரல் முட்டியாலோ முழு பலத்தையும் ஒரே புள்ளியில் இறக்கினால் யாருக்கும் வலிக்கும். அப்படி அழுத்திய இடம் உள்ளுக்குள் கன்றிப்போகும். மறுநாள் அதே இடத்தைத் தொட்டால் இன்னும் வலிக்கும். ‘உறுப்பு பலவீனமாக இருக்கிறது’ என்று நினைத்து இன்னும் அழுத்துவார்கள். வாரக்கணக்கில் ஆறாமல் இருக்கும் பல ‘புள்ளி வலிகள்’ இப்படி உண்டாக்கப்பட்டவைதான். குச்சியை ஓரமாக வைத்துவிட்டு இரண்டு வாரம் அந்த இடத்தைத் தொடாமல் விட்டாலே பலருக்கு அடங்கிவிடுகிறது.

சோதித்துப் பார்க்க வேண்டுமானால் கட்டைவிரலின் சதைப்பகுதியை வையுங்கள். உங்கள் நகம் வெளுக்கத் தொடங்கும் வரை மெதுவாக அழுத்துங்கள். அது ஏறத்தாழ 4 கிலோ அழுத்தம். தசைவலி நோய்களைப் பரிசோதிக்கும் மருத்துவர்கள் வைத்துக்கொண்ட அளவும் அதுதான். அதற்குமேல் அழுத்தி வருகிற வலிக்கு அர்த்தம் கிடையாது. அப்புறம், மற்றக் காலில் அதே இடத்தில் அதே அளவு அழுத்துங்கள். இரண்டிலும் ஒரே மாதிரி வலித்தால் பெரும்பாலும் அது அந்த இடத்தின் இயல்பு, அல்லது செருப்பின் வேலை. உள்ளங்கால் நடுவும் கணுவுக்குக் கீழேயும் எல்லோருக்கும் கொஞ்சம் கூச்சமான இடங்கள்தான். ஒரே காலில், ஒரே இடத்தில், ஒவ்வொரு முறையும் வலித்தால்தான் தேட வேண்டும்.

அழுத்துவதற்கு முன் நல்ல வெளிச்சத்தில் பாதத்தைப் பாருங்கள். விரல் இடுக்குகளைப் பிரித்துப் பாருங்கள். புறங்கையால் தொட்டு, ஒரு பாதம் மற்றதைவிடச் சூடாகவோ சில்லென்றோ இருக்கிறதா என்று கவனியுங்கள். என்ன மாதிரி வலி என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். குத்துகிறதா, கடுக்கிறதா, எரிகிறதா, கரண்ட் அடித்த மாதிரி ஓடுகிறதா? எரிச்சலும் ஓட்டமும் நரம்பின் பக்கம் கைகாட்டும். எடை வைத்தால் குத்துவது எலும்பையும் நாரையும் காட்டும். ஓய்வில் விண்விண்ணென்று தெறித்தால் வீக்கத்தையோ கிருமித்தொற்றையோ நினைக்க வேண்டும்.

இடம் இடமாகப் போனால்

குதிகாலில் தொடங்குவோம். படத்தில் இது இடுப்புப் பகுதி, இடுப்பிலிருந்து கால்வரை ஓடும் சயாடிக் நரம்பு. நிஜத்தில், குதிகாலின் உள்பக்கமாக முன் ஓரத்தில் வலித்து, காலையில் படுக்கையிலிருந்து இறங்கி வைக்கும் முதல் நாலு எட்டு உயிர்போகிற மாதிரி இருந்து, கொஞ்சம் நடந்ததும் தணிந்தால், அது பெரும்பாலும் உள்ளங்கால் சவ்வின் பிரச்சினை. பிளாண்டர் ஃபேசியைட்டிஸ் என்பார்கள். குதிகாலிலிருந்து விரல்களின் அடிவரை விரிந்து ஓடும் கெட்டியான பட்டை அது. வலி ஓரத்தில் இல்லாமல் குதிகாலின் நட்டநடுவில், கன்றிய மாதிரி இருந்தால், அங்குள்ள கொழுப்பு மெத்தை தேய்ந்திருக்கலாம். வயதானவர்களிடமும் வெறுங்காலோடு கெட்டித் தரையில் நிற்பவர்களிடமும் இது சகஜம். குதிகாலை இரண்டு பக்கமும் உள்ளங்கைகளால் சேர்த்து அமுக்கும்போது வலி துள்ளினால் எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம். அதை அழுத்தி விடக் கூடாது, மருத்துவரிடம் போக வேண்டும்.

அடுத்து உள்ளங்கால் வளைவு. சிறுநீரகம், இரைப்பை, கணையம், குடல் என்று படத்தில் நெரிசலாக இருக்கும் பகுதி இதுதான். பயமும் இங்கேதான் அதிகம். ஒரு பெண் ‘சிறுநீரகப் புள்ளி’ வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டு வந்தார். வேறோர் இடத்தில் பாதம் அழுத்தியவர் சொன்னதைக் கேட்டு, ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் எடுத்து, எதிலும் ஒன்றும் இல்லை என்று வந்த பிறகும் அவருக்கு நிம்மதி இல்லை. காலை என் மடியில் வைத்து, விரல்களைத் தளர விடச் சொல்லி அந்த இடத்தை அழுத்தினேன். லேசான வலி. கட்டைவிரலை எடுக்காமலே, மற்றக் கையால் அவருடைய கால்விரல்களை முழங்காலை நோக்கிப் பின்னால் வளைத்தேன். சவ்வு நாண் ஏற்றியதுபோல விரலுக்கடியில் விறைத்து எழுந்தது. “ஐயோ, அதேதான்” என்று காலை இழுத்துக்கொண்டார். விரல்களை விட்டேன், வலி குறைந்தது. மறுபடி வளைத்தேன், வந்தது. விரலை வளைத்தால் சிறுநீரகத்துக்கு ஒன்றும் ஆகாது, சவ்வுதான் இறுகும். புது வேலையில் நாள் முழுக்க நின்றுகொண்டு, அட்டை மாதிரித் தட்டையான செருப்பில் இருந்திருக்கிறார். அதை மாற்றியதும் சில வாரங்களில் வலி இறங்கியது.

இந்தச் சோதனையை வீட்டிலேயே யாரும் செய்து பார்க்கலாம். விரலை வளைத்தால் வலி கூடுகிறதா? சவ்வு. கூடவில்லையென்றால் அதற்கடியில் உள்ள சிறு தசைகளின் களைப்பாக இருக்கலாம். நெடுநேரம் நின்றாலும், பழக்கமில்லாமல் திடீரென்று அதிகம் நடந்தாலும் அவை கட்டிக்கொள்ளும். வளைவில் உருண்டையாக ஒரு முடிச்சு தட்டுப்பட்டு, அது நகராமல் அதே இடத்தில் இருந்தால் சவ்வில் வளரும் நார்க்கட்டியாக இருக்கலாம். பெரும்பாலும் தீங்கில்லாதது. ஆனாலும் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட வேண்டும், நசுக்கிப் பார்க்கக் கூடாது.

விரல்களுக்குக் கீழே உள்ள மேட்டுப் பகுதி படத்தில் நுரையீரல், மார்பு, பெருவிரல் பக்கம் தைராய்டு. நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் எடை கடைசியாக இறங்கும் இடம் இது. குதிகால் உயர்ந்த செருப்பு போட்டால் எடை முழுக்க இங்கே சாயும். பெருவிரல் மேட்டுக்கு அடியில் நாணுக்குள் பொதிந்த இரண்டு குட்டி எலும்புகள் உண்டு. ஓடுகிறவர்களுக்கும் ஆடுகிறவர்களுக்கும் அவை அழற்சியாகி அழுத்தினால் சுள்ளென்று வலிக்கும். அதை வைத்துத் தைராய்டுக்கு அர்த்தம் எடுக்க வேண்டாம். தைராய்டில் சந்தேகம் இருந்தால் ரத்தப் பரிசோதனை ஒன்றே போதும், தெளிவாகச் சொல்லிவிடும்.

மூன்றாவது, நான்காவது விரல்களுக்கு நடுவே, செருப்புக்குள் கூழாங்கல் மாட்டிக்கொண்ட உணர்வும் விரல் நுனிவரை ஓடும் எரிச்சலும் இருந்தால், அங்கே போகும் நரம்பு நசுங்கித் தடித்திருக்கலாம். மார்ட்டன் நியூரோமா என்று பெயர். பாதத்தின் முன்பகுதியை இரு பக்கமும் சேர்த்துப் பிடித்தால் அந்த எரிச்சல் திரும்ப வரும். முன்பக்கம் குறுகிய ஷூவைக் கழற்றினால் தணியும். படத்தில் பக்கத்திலேயே ‘கண்’, ‘காது’ என்று இருப்பதால் கண் மருத்துவரிடம் போனவர்களும் உண்டு. இந்த நரம்பை அழுத்தி விடுவது கெடுதல், அது ஏற்கெனவே நசுங்கித்தான் இருக்கிறது.

விரல்களில் பெரும்பாலும் தோலும் நகமும்தான் காரணம். நகம் சதைக்குள் வளர்ந்திருக்கிறதா, இடுக்கில் சேற்றுப்புண் இருக்கிறதா என்று பாருங்கள். அடிப்பாதத்தில் தடித்த இடம் இருந்தால் ஒரு சின்னச் சோதனை: நேராக அழுத்தினால் வலித்தால் கால் ஆணி, பக்கவாட்டில் கிள்ளிப் பிடித்தால் வலி அதிகமானால் மரு. மருவில் உற்றுப் பார்த்தால் கரும்புள்ளிகள் தெரியும், தோலின் ரேகைகள் அதைச் சுற்றிக்கொண்டு போகும். மரு தொற்றக்கூடியது, அந்தக் காலில் அழுத்தம் கொடுப்பவர் கவனமாக இருக்க வேண்டும்.

பெருவிரலின் அடி மூட்டு ராத்திரியில் திடீரென்று சிவந்து, சூடாகி, போர்வை பட்டாலே தாங்காமல் வலித்தால் அது கௌட் என்ற மூட்டு நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். யூரிக் அமிலப் படிகம் இங்கே உண்மையாகவே மூட்டுக்குள் இருக்கிறது, ஆனால் அதை விரலால் கரைக்க முடியாது. கையே வைக்காதீர்கள்.

உள்விளிம்பு முழுவதும் ‘முதுகெலும்பு’ என்று படம் சொல்லும். உள்கணுவுக்குக் கீழே ‘கருப்பை’ அல்லது ‘புராஸ்டேட்’. இந்தப் பக்கமாகத்தான் பாத வளைவைத் தூக்கிப் பிடிக்கும் முக்கியமான நாண் இறங்குகிறது. வளைவு தட்டையாகிக்கொண்டு வருபவர்களுக்கு அது இழுபட்டு வலிக்கும். பின்னாலிருந்து பார்த்தால் குதிகால் வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும். உள்கணுவுக்குப் பின்னால் விரலால் தட்டும்போது உள்ளங்காலுக்கு ஓட்டம் போனால் அங்கே நரம்பு நெரிபடுகிறது என்று அர்த்தம். வெளிவிளிம்பில், பாதத்தின் பாதித் தூரத்தில் எலும்பு ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். கால் மடங்கிச் சுளுக்கிய பிறகு அந்த எலும்பில் வலித்தாலோ, நாலு எட்டு நடக்க முடியாவிட்டாலோ எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும்.

இரண்டு பாதமும் முழுக்க வலித்தால்

எங்கே தொட்டாலும் வலி, இரண்டு காலிலும், ராத்திரியில் எரிச்சல் என்றால் புள்ளிகளை மறந்துவிடுங்கள். சர்க்கரை நோய், வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு குறைவு, மதுப்பழக்கம் எல்லாம் கால் நரம்புகளைப் பாதிக்கும். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரையை வருடக்கணக்கில் எடுப்பவர்களுக்கு பி12 குறையலாம், மருத்துவரிடம் கேட்டுச் சோதித்துக்கொள்வது நல்லது. வலி ஒரே காலில் பின்தொடை, கெண்டைக்கால் வழியாக இறங்கிப் பாதத்தின் வெளிவிளிம்பில் முடிந்தால், இடுப்புப் பகுதியில் நரம்பின் வேர் அழுந்துகிறதா என்று பார்க்க வேண்டும். நடக்க நடக்கக் கெண்டைச்சதை பிடித்துக்கொண்டு, நின்றால் விட்டு, பாதம் சில்லென்று இருந்தால் ரத்த ஓட்டத்தைப் பரிசோதிக்க வேண்டும்.

வலியே இல்லாத பாதம்தான் என்னை அதிகம் பயமுறுத்துகிறது. பல வருடங்களாகச் சர்க்கரை நோய் உள்ள ஒருவர், “எங்கேயும் வலிக்கவில்லை, இன்னும் நன்றாக அழுத்துங்கள்” என்றார். அழுத்துவதற்கு முன் பார்க்கும் வழக்கப்படி பாதத்தைத் திருப்பினேன். முன்மேட்டில், தோலோடு தோலாக, ஒரு குண்டூசியின் தலை மின்னியது. சுற்றிலும் சிவந்து லேசாக நீர் கசிந்திருந்தது. எப்போது ஏறியது என்று அவருக்குத் தெரியாது. அன்றைக்கு அவர் என்னிடமிருந்து நேராக மருத்துவமனைக்குப் போனார். உணர்ச்சி குறைந்த பாதத்தில் எவ்வளவு அழுத்துகிறோம் என்று அந்தக் கால் சொல்லாது, புண்ணாக்கிவிட்ட பிறகுதான் தெரியும். சர்க்கரை நோயாளிகள் வருடத்துக்கு ஒருமுறையாவது மருத்துவரிடம் உணர்ச்சிச் சோதனை செய்துகொள்ள வேண்டும். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் மெல்லிய நைலான் இழையை வைத்துச் சில நிமிடங்களில் பார்த்துவிடுவார்கள்.

கை வைக்கவே கூடாத நேரம்

ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, கெண்டைக்கால் சூடாகி வலித்தால் அது நாளத்தில் ரத்தம் உறைந்ததாக இருக்கலாம். பிடித்துவிட்டால் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போகும் ஆபத்து உண்டு. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆறாத புண், சீழ், காய்ச்சலோடு சிவப்பு பரவுதல், கால் நிறம் மாறிச் சில்லிட்டுப் போதல், அடிபட்டபின் கால் ஊன்ற முடியாமை, புதிதாக மரத்துப்போதல், இவற்றிலும் அழுத்தம் கிடையாது, தாமதமும் கூடாது.

சாதாரண வலிக்கு வீட்டில் செய்யக்கூடியது

ஆபத்தான அறிகுறி எதுவும் இல்லை, சவ்வு வலி மாதிரித்தான் தெரிகிறது என்றால் இதைச் செய்யுங்கள். காலையில் தரையில் கால் வைப்பதற்கு முன், கட்டிலிலேயே உட்கார்ந்து, வலிக்கிற காலை மற்றத் தொடைமேல் போட்டுக்கொண்டு கால்விரல்களைப் பின்னால் இழுத்துப் பிடியுங்கள். 10 எண்ணும்வரை பிடித்து விடுங்கள், இப்படி 10 முறை. நாளுக்கு மூன்று வேளை செய்யலாம், நெடுநேரம் உட்கார்ந்து எழும்போதும் செய்யலாம். சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்காலை நீட்டும் பயிற்சியும் சேர்த்துச் செய்தால் இன்னும் நல்லது. கெண்டைச்சதை இறுகியிருந்தால் பாதச் சவ்வின்மேல் இழுவை கூடும். கெட்டித் தரையில் வெறுங்காலோடு நடப்பதைக் கொஞ்ச நாள் விடுங்கள். பாதம் பிடித்துவிடுவதாக இருந்தால் வலிக்கிற புள்ளியை விட்டுவிட்டு அதைச் சுற்றியும் கெண்டைக்காலிலும் எண்ணெய் தடவி மெதுவாகப் பிடியுங்கள். பொறுமை வேண்டும், சவ்வு வலி ஆற மாதங்கள் ஆகலாம்.

இரண்டு மூன்று வாரத்தில் துளியும் குறையவில்லையென்றால், அல்லது கூடிக்கொண்டே போனால், மருத்துவரைப் பாருங்கள். போகும்போது வலிக்கும் இடத்தில் பேனாவால் ஒரு சின்ன வட்டம் போட்டுக்கொண்டு போங்கள். ‘நுரையீரல் புள்ளி வலிக்கிறது’ என்று சொல்லாமல், எப்போது வலிக்கிறது, எத்தனை நாளாக, எதைச் செய்தால் கூடுகிறது, எதைச் செய்தால் குறைகிறது என்று சொல்லுங்கள். தினமும் போட்டுத் தேய்ந்த செருப்பையோ ஷூவையோ கையோடு எடுத்துப் போங்கள், அதன் அடிப்பாகத் தேய்மானத்தைப் பார்த்தாலே உங்கள் எடை எந்தப் பக்கம் இறங்குகிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும்.